கைப்பை விற்கும் கம்பனிக்கு ஓவியக்கூடத்தில் என்ன வேலை?

ஹட்டனில் உயர்தர வகுப்புக்குச் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் இங்கே ஒரு கேள்வி போட்டிருந்தார். லூயி விட்டோன், கூச்சி, பிராடா போன்ற ஆடம்பரக் கம்பனிகள் வெளிநாட்டுக் கலை நூதனசாலைகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுக்கின்றனவே, அது தருமமா விளம்பரமா என்று பிள்ளைகள் கேட்டார்களாம். கடைசியில் இன்னொன்றும் சேர்த்திருந்தார். மலையகத்துக்கென்று ஒரு கலைக்கூடம் வேண்டும் என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கு அப்படி ஒரு கம்பனி வந்து நின்றால் வாங்கலாமா கூடாதா என்று. டீச்சர், நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். முதல் கேள்வியைத் தாண்டாமல் அங்கே போக முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் கண்டியில் படித்து வளர்ந்தவள். லண்டனில் ஒரு கலை நூதனசாலையின் அனுசரணைப் பிரிவில் பல வருடம் வேலை செய்தேன். கம்பனிகளிடம் பணம் கேட்டு எழுதுவது, ஒப்பந்தம் பேசுவது, திறப்பு விழா இரவில் அவர்களுடைய விருந்தாளிகளை வாசலில் நின்று வரவேற்பது, இதெல்லாம் என் தொழிலாக இருந்தது. இப்போது பண்டாரவளையில் இருந்துகொண்டு சின்னச் சின்ன ஆவணக் காப்பகங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை, கணக்காளரும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தருமமா விளம்பரமா என்பதற்குப் பிரித்தானிய வரித் திணைக்களமே ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது. ஒரு கம்பனி பதிலுக்கு எதுவும் கேட்காமல் பணம் கொடுத்தால் அது நன்கொடை, அதற்கு வற் (பெறுமதி சேர் வரி) கிடையாது. நன்றிப் பலகையில் ஒரு வரி பெயர் போட்டாலும் நன்கொடைதான். ஆனால் சுவரொட்டியில் எங்கள் சின்னம் வர வேண்டும், ஒரு இரவு மண்டபத்தைத் தர வேண்டும், எங்கள் வாடிக்கையாளருக்கு இலவசச் சீட்டு வேண்டும் என்று வந்துவிட்டால் அது கொடுக்கல் வாங்கல். நூதனசாலை 20 வீத வற் சேர்த்து பில் அனுப்ப வேண்டும். ஆடம்பரக் கம்பனிகளோடு நான் பேசிய ஒப்பந்தங்களில் அநேகமாக எல்லாமே பில் போட்ட ஒப்பந்தங்கள்தான். எனவே பிள்ளைகளுக்குத் தயங்காமல் சொல்லலாம்: அனுசரணை என்பது விற்பனை. நூதனசாலை எதையோ விற்கிறது, கம்பனி அதை வாங்குகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என்ன விற்கிறோம் என்று தெரியாமல் விற்பதுதான் ஆபத்து.

பிரான்சில் கதை வேறு. அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கம்பனி கலைக்குக் கொடுக்கும் நன்கொடையில் 60 வீதத்தைத் தன் வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். உச்சவரம்பு உண்டு. 2020இலிருந்து 20 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட பகுதிக்குக் கழிவு 40 வீதமாகக் குறைந்தது. ஆக, கம்பனி 100 யூரோ கொடுத்தது என்று பத்திரிகையில் வரும்போது அதில் 60 யூரோ வரை ஊர்மக்களின் வரிப்பணமாக இருக்கலாம். 2019இல் நோத்ர டாம் தேவாலயம் எரிந்தபோது, லூயி விட்டோனுக்குச் சொந்தக்காரர்களான அர்னோ குடும்பமும் அவர்களது குழுமமும் 20 கோடி யூரோவும், கூச்சிக்குச் சொந்தக்காரர்களான பினோ குடும்பம் 10 கோடி யூரோவும் தருவதாக உடனே அறிவித்தார்கள். பாராட்டு வந்த வேகத்திலேயே ‘இதில் எவ்வளவு எங்கள் வரிப்பணம்’ என்ற கேள்வியும் வந்தது. பினோ குடும்பம் வரிக்கழிவு கேட்க மாட்டோம் என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, வங்கிகளும் எண்ணெய்க் கம்பனிகளும் கூடத்தானே பணம் கொடுக்கின்றன, ஆடம்பர பாஷன் கம்பனிகளுக்கு இதில் தனியாக என்ன ஆசை? ஒரு தோல் பையின் விலை, தோலுக்கும் தையலுக்கும் ஆன செலவைப் போலப் பல மடங்கு. அந்த வித்தியாசத்தைக் கட்டிக் காப்பது ஒரு நம்பிக்கை. இது இந்த வருடத்து மோஸ்தர் இல்லை, காலம் கடந்து நிற்கும் பொருள் என்ற நம்பிக்கை. பாஷன் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தன்னையே பழசாக்கிக்கொள்ளும் தொழில். நூதனசாலையோ பழசாகாதவற்றை மட்டும் வைத்திருக்கும் இடம் என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த இடத்துக்கு அருகில் நிற்க முடிந்தால் அந்த நம்பிக்கையில் ஒரு பங்கு பைக்கும் ஒட்டும். 2007இல் லொஸ் ஏஞ்சலிஸ் சமகாலக் கலை நூதனசாலையில் தக்காஷி முரகாமி என்ற ஜப்பானியக் கலைஞரின் கண்காட்சி நடந்தபோது, கண்காட்சிக்கு உள்ளேயே லூயி விட்டோன் கடை ஒன்று இயங்கியது. முரகாமி வடிவமைத்த பைகளை அங்கேயே விற்றார்கள். அடுத்த வருடம் புரூக்ளின் நூதனசாலையிலும் அப்படியே. ஓவியம் எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அதன் அமைப்பே. முரகாமியின் கலையே அந்தக் கோட்டைக் கேள்வி கேட்பதுதான் என்று அதற்கு நியாயம் சொன்னவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை.

கலைக்கூடத்துக்கு வெளியேயும் இதே கணக்குத்தான். ரோமில் கொலோசியத்தைத் திருத்த டொட்ஸ் என்ற சப்பாத்துக் கம்பனி இரண்டரைக் கோடி யூரோ கொடுத்தது. ட்ரெவி நீரூற்றைத் திருத்திக் கொடுத்த ஃபெண்டி, 2016இல் அந்த நீரூற்றின் மேலேயே கண்ணாடி போன்ற தளம் போட்டு மொடல்களை நடக்கவிட்டது. தண்ணீரின் மேல் நடப்பது போல அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. அதற்கு ஈடான விளம்பரத்தைக் காசுக்கு வாங்க முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

இதில் நல்லது கெட்டதைப் பிரித்துப் பார்க்க ஒரே நூதனசாலையில் நடந்த இரண்டு சம்பவங்கள் போதும். நியூயோர்க் குகன்ஹைம் 2000இல் ஜோர்ஜியோ அர்மானியின் உடுப்புகளைப் பெரிய கண்காட்சியாக வைத்தது. அவர் அந்த நூதனசாலைக்கு ஒன்றரைக் கோடி டொலர் அளவில் தர ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று அதற்கு முன்பே செய்தி வந்திருந்தது. அர்மானி திறமையான வடிவமைப்பாளர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பணம் தந்தவரின் பொருளே சுவரில் இருந்தால், அதை அங்கே வைத்தது யாருடைய தீர்ப்பு என்ற கேள்விக்கு நூதனசாலையால் நேராகப் பதில் சொல்ல முடியாமல் போகிறது. அந்த விமர்சனம் குகன்ஹைமை வெகுகாலம் விடவில்லை. அதே நூதனசாலையில் 1996 முதல் 2020 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஹ்யூகோ பாஸ் பரிசு கொடுக்கப்பட்டது. அதுவும் உடுப்புக் கம்பனிதான். பிந்திய வருடங்களில் பரிசு ஒரு இலட்சம் டொலர். ஆனால் கலைஞரைத் தேர்ந்தெடுத்தது கலைத்துறையினர் அடங்கிய நடுவர் குழு. முதல் முறை மத்தியூ பார்னி, கடைசி முறை டியானா லோசன். கம்பனியின் கோட்டும் சூட்டும் கண்காட்சியில் இல்லை, பெயர் மட்டும் பரிசின் தலையில் இருந்தது. இரண்டிலும் பணம் பாஷன் கம்பனியுடையதுதான். முதலாவதில் நூதனசாலை தன் தீர்ப்பின் மேல் சந்தேகம் விழ விட்டது. இரண்டாவதில் பெயர் போடும் இடத்தை மட்டும் விற்றது.

நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் நூதனசாலை இந்தப் பாடத்தை முன்பே படித்திருந்தது. 1983இல் உயிரோடு இருந்த ஈவ் செயின்ட் லோரனுக்குத் தனிக் கண்காட்சி வைத்து, கம்பனிக்கு விளம்பரம் செய்கிறீர்கள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. அதன் பிறகு உயிரோடிருக்கும் ஒரு வடிவமைப்பாளருக்குத் தனிக் கண்காட்சி வைக்க 2017இல் ரெய் கவகுபோ வரும்வரை பொறுத்திருந்தது. ஆனால் அதே நூதனசாலையின் உடைப்பிரிவு தன் செலவைத் தானே தேடிக்கொள்கிறது. பிள்ளைகள் போனில் பார்க்கும் மெட் காலா என்ற நிதி திரட்டும் விருந்து அதற்குத்தான். 2025இல் அந்த ஒரு இரவில் மட்டும் 3 கோடியே 10 இலட்சம் டொலர் சேர்ந்தது. அந்த வருடப் பிரதான அனுசரணையாளர் லூயி விட்டோன்.

இவ்வளவு பெரிய தொகைகளைப் பார்த்துவிட்டு, நூதனசாலைகள் எப்போதும் பெரிய விலைக்குத்தான் விற்கின்றன என்று நினைக்க வேண்டாம். பாஷன் இல்லாத ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் கணக்கு வெளியே வந்தது. லண்டன் டேட் கலைக்கூடத்துக்கு பிபி எண்ணெய்க் கம்பனி வெகுகாலம் அனுசரணை கொடுத்தது. எவ்வளவு என்று டேட் சொல்ல மறுத்தது. அதை எதிர்த்த ஆர்வலர்கள் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வழக்காடி, 2015இல் கணக்கை வெளியே எடுத்தார்கள். 1990 முதல் 2006 வரை 17 வருடத்துக்கு மொத்தம் சுமார் 38 இலட்சம் பவுண். வருடத்துக்குச் சராசரி 2 இலட்சத்து 24 ஆயிரம். டேட்டின் அளவுக்கு அது சில்லறை. அந்தச் சில்லறைக்கு ஓர் எண்ணெய்க் கம்பனி நாட்டின் முதன்மையான கலைக்கூடத்தின் நல்ல பெயரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டது. அந்தக் கணக்கை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் பிபி மேல் இல்லை. இவ்வளவு மலிவாக விற்ற எங்கள் தொழில் மேல்.

இதுவரை சொன்னதெல்லாம் பதிவில் இருப்பவை. இனிச் சொல்லும் இரண்டு விஷயங்களில் அந்த உறுதி இல்லை. முதலாவது, அனுசரணையால் கைப்பை கூட விற்கிறதா என்பது. கம்பனிகள் பத்திரிகையில் எத்தனை தடவை பெயர் வந்தது, எத்தனை பேர் படம் பகிர்ந்தார்கள் என்று எண்ணி வைக்கிறார்கள். ஆனால் கடைக்குள் வந்த ஒருவர் கண்காட்சியால் வந்தாரா, சினிமா நடிகையைப் பார்த்து வந்தாரா என்று பிரித்துக் காட்ட வழியில்லை. இரண்டாவது, அனுசரணையாளர் கண்காட்சியின் உள்ளடக்கத்தை மாற்றுகிறாரா என்பது. நேரடியாக ‘இந்தப் படத்தை எடு’ என்று ஒரு கம்பனி சொல்லி நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது வேறு. ஒரு கண்காட்சியில் தையல் பட்டறை ஒன்றின் புகைப்படம் இருந்தது. நீளமான மேசைகள், மேலே வெறும் குழாய் விளக்கு, தலை நிமிராமல் தைக்கும் பெண்கள். அனுசரணையாளரின் விருந்துக்கு முதல் நாள் பின்னேரம், பொறுப்பாளர் அந்தப் படத்தை நுழைவாசலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து கழற்றி, உள்ளே மூன்றாவது அறையில் தூண் மறைக்கும் இடத்தில் மாட்டினார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மின்னஞ்சல் இல்லை, தொலைபேசி இல்லை. ஏன் என்று கேட்டேன். ‘அங்கே வெளிச்சம் நல்லாயிருக்கு’ என்றார். இந்த மாதிரி விஷயம் எந்த ஆய்விலும் எண்ணிக்கையாக வராது. அதனால் இல்லை என்று ஆகிவிடாது.

தையல் பட்டறை என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 2024இல் மிலான் நீதிமன்றம் அர்மானி, டியோர் ஆகிய இரண்டின் துணை நிறுவனங்களையும் நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் வைத்தது. கீழ் ஒப்பந்தக்காரர்களின் பட்டறைகளில் தொழிலாளர் சுரண்டலைத் தடுக்கத் தவறியதாகக் காரணம் சொல்லப்பட்டது. அந்த மேற்பார்வை 2025இல் நீக்கப்பட்டது. எல்லா ஆடம்பரக் கம்பனியும் இப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கொழுந்துக்கு நிறை போடும் இடத்தில் கிடைக்கும் காசுக்கும் லண்டன் கடையில் தேயிலைப் பெட்டிக்கு இருக்கும் விலைக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் வேலைக்குப் போன அக்கா இல்லாத லயம் (தோட்டத்து வரிசை வீடு) உண்டா? இந்தக் கேள்வியை ஐரோப்பிய மாணவரை விட ஹட்டன் மாணவர் கூர்மையாகக் கேட்பார். கேட்க விடுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பணம் எங்கிருந்து வந்தது என்பது காட்சியில் எப்படித் தெரியும் என்று பார்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. கைவிடப்பட்டுக் கிடந்த அதைத் தேயிலைச் சபையும் தோட்ட முதலாளிமார் சங்கமும் திருத்தி 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தார்கள். கீழே பழைய எந்திரங்கள், மேலே, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கி வைத்த ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள், அதற்கும் மேலே தேயிலைக் கடை. எந்திரங்களை அருமையாகப் பாதுகாத்திருக்கிறார்கள், மாணவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அப்புறம் கம்பளைப் பக்கம் பாரதெக்கவில், பீக்கொக் தோட்டத்து லயக் காம்பராவிலேயே அமைந்திருக்கும் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்கும் கூட்டிப் போங்கள். அதைக் கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தொடங்கியது. அங்கே காட்சிப்பொருளில் முதலாவது அந்தக் காம்பராவேதான். ஒரே தேயிலை, ஒரே மலை, இரண்டு கதை. யாரும் பொய் சொல்லவில்லை. பணமும் முயற்சியும் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக் கதை முன்னால் வந்திருக்கிறது.

என் அபிப்பிராயம், வாங்கலாம். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய உபயம்தான். கடைக்கார முதலாளி ஒரு நாள், தொழிற்சாலை ஆட்கள் ஒரு நாள், டிவிசன் ஒரு நாள். நோட்டீஸில் பெயர் வரும், மாலை மரியாதை கிடைக்கும். ஆனால் தேர் எந்த லயத்துப் பக்கம் திரும்ப வேண்டும் என்று உபயகாரர் சொல்ல மாட்டார், சொன்னால் ஊர் விடாது. அந்தக் கட்டுப்பாடு எழுதாமலே நடக்கிறது, ஏனென்றால் எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள். பாரிஸிலிருந்து வரும் கம்பனிக்கு ஊர்க் கட்டுப்பாடு தெரியாது. அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

என்ன எழுதுவது? எதைக் காட்டுவது, எங்கே மாட்டுவது, பக்கத்தில் என்ன விளக்கம் எழுதுவது, இந்த மூன்றும் கலைக்கூடத்துடைய முடிவு என்று முதல் பக்கத்திலேயே வர வேண்டும். விளம்பரப் பிரதிகளைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமையைக் கம்பனி கேட்கும். அது நியாயம். ஆனால் அந்த வாசகம் ‘கண்காட்சி தொடர்பான எல்லா அச்சுப் பிரதிகளும்’ என்று எழுதப்பட்டால் சுவரில் ஒட்டும் விளக்க அட்டையும் அதற்குள் அடங்கிவிடும். இந்த ஒரு வரியை நான் எத்தனையோ வரைவுகளில் வெட்டியிருக்கிறேன். பெயர் எத்தனை வருடத்துக்கு இருக்கும் என்று திகதி போடுங்கள். லூயி விட்டோன் பவுண்டேஷன் பாரிஸில் 2014இல் திறந்த கட்டடம் மாநகரசபையின் நிலத்தில் இருக்கிறது, 55 வருடக் குத்தகை முடிந்ததும் கட்டடம் மாநகரசபைக்குப் போய்ச் சேரும். அவ்வளவு பெரிய கம்பனியே முடிவுத் திகதிக்கு ஒப்புக்கொள்ளும்போது நாம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கொடுத்தவரின் பெயர் கெட்டால் பெயரை எடுத்துவிடும் உரிமையும் வேண்டும். சாக்லர் குடும்பத்தின் கம்பனி விற்ற வலிநிவாரணி மருந்தால் வந்த அழிவுக்குப் பிறகு, நன்கொடையாளர்களான அந்தக் குடும்பத்தின் பெயரை லூவ்ர் 2019இலும் மெட்ரோபொலிட்டன் 2021இலும் சுவரிலிருந்து எடுத்தன. பல இடங்களில் பழைய ஒப்பந்தங்கள் அதற்கு இடம் தராததால் பெரிய இழுபறி நடந்தது.

மலையகத்துக்கென்று இன்னொரு வரி. தேயிலை மலையும் கொழுந்து பறிக்கும் பெண்களும் பாஷன் படப்பிடிப்புக்கு எப்போதும் பிடித்த பின்னணி. கலைக்கூடத்துக்கு அனுசரணை தந்த கம்பனி, அடுத்த மாதம் கமராவோடு வந்து தோட்டத்தில் நிற்கும். தோட்ட மக்களின் படத்தை எடுக்க அவரவர் எழுத்துமூலச் சம்மதமும் தனிக் கொடுப்பனவும் வேண்டும், கலைக்கூடத்தின் சம்மதம் அவர்களுடைய சம்மதம் ஆகாது என்று அழுத்தமாக எழுதுங்கள்.

பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதும் முக்கியம், யாரும் இதைப் பேசுவதில்லை. நம் மலையில் கலைப்பொருளின் முதல் எதிரி பூஞ்சணம். கடதாசியும் துணியும் இருக்கும் அறையில் ஈரப்பதன் 65, 70 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நுவரெலியாப் பக்கம் மாரி மாதங்களில் கதவைத் திறந்து வைத்தால் அதை விட எவ்வளவோ மேலே போகும். காமன் கூத்து உடுப்பாக இருந்தாலும் சரி, தாத்தாவின் துண்டுக் கடதாசியாக இருந்தாலும் சரி, அதைக் காப்பாற்றுவது மூலையில் இரவு பகலாக ஓடும் ஈரம் உறிஞ்சும் எந்திரம்தான். அதன் தொட்டி நிறைந்ததும் ஊற்றிவிட ஓர் ஆள் வேண்டும், மாதாமாதம் கரண்ட் பில் கட்ட வேண்டும். எந்தக் கம்பனியும் கரண்ட் பில்லுக்கு அனுசரணை தர விரும்பாது, திறப்பு விழாவுக்குத் தரும். அதனால் பேரம் பேசும்போதே, மொத்தத் தொகையில் ஒரு பங்கு பராமரிப்பு நிதியாக வங்கியில் போட்டு வைக்கப்படும் என்று சேர்த்துவிடுங்கள். ஆள் சம்பளத்தை மட்டும் ஒரே அனுசரணையாளரின் தலையில் கட்டாதீர்கள். அவர் மூன்றாம் வருடம் போய்விட்டால் கதவில் பூட்டு விழும். போய்விடுவாரோ என்ற பயம் முதல் வருடத்திலேயே படத்தைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோகும்.

வகுப்பில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கண்காட்சியின் சுவரொட்டியை இணையத்தில் எடுத்து, அடியில் இருக்கும் சின்னங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2024இல் டேட் மொடர்னில் தொடங்கிய மின்னணுக் கலைக் கண்காட்சிக்குக் கூச்சி அனுசரணை. அதே வருடம் மே மாதம் கூச்சி தன் பாஷன் காட்சியை அதே கட்டடத்தில் நடத்தியிருந்தது. இந்த இரண்டில் எது எதற்கு விலை என்று பிள்ளைகளை வாதாட விடுங்கள். ஊரில் கலைக்கூடம் பேசிக்கொண்டிருப்பவர்களிடம் உண்மையிலேயே ஒரு வரைவு ஒப்பந்தம் வந்து சேர்ந்தால், கையெழுத்துக்கு முன் சட்டப் பக்கத்தை ஒரு சட்டத்தரணியிடமும், வரிப் பக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்கள வேலை தெரிந்த கணக்காளரிடமும் காட்டச் சொல்லுங்கள். காட்சி, பெயர், ஒப்புதல் பற்றிய பகுதிகளை நான் காசு வாங்காமல் வாசித்துத் தருகிறேன்.